எந்தத் தண்ணீருக்கு எந்த கார்ட்ரிட்ஜ்: எங்கள் வீட்டு நோட்டிலிருந்து

பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் ஒன்பது வருடமாகத் தண்ணீர்க் கணக்கும் எழுதி வருகிறேன். குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ மெஷினில் எந்தத் தேதியில் எந்த கார்ட்ரிட்ஜ் (தண்ணீரை வடிகட்டும் குழாய்) மாற்றினோம், அன்று தண்ணீரின் உப்பு அளவான டி.டி.எஸ் எவ்வளவு, என்ன விலை கொடுத்தோம், அவ்வளவுதான்.

இதை ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் உண்டு. சர்வீஸுக்கு வந்த தம்பி மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு, "எல்லாமே போயிடுச்சு அக்கா, மொத்த செட்டையும் மாத்திடணும்" என்றார். 5,800 ரூபாய் கொடுத்தேன். மூன்றே மாதத்தில் தண்ணீர் மறுபடி கரித்தது. என் வீட்டுக்காரர் அந்த செட்டில் இருந்த கார்பன் குழாயைக் கழற்றி, மொட்டை மாடியில் வைத்து ஹாக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்தார். வெள்ளை ஓட்டுக்குள் கரி பாதிகூட இல்லை. மேலே வெறும் இடம், இரண்டு முனையிலும் ஒரு பஞ்சு வட்டு. கரியின் மேல் சரியாகப் படாமலே தண்ணீர் ஓரமாக வழிந்து போயிருக்கிறது. அந்தக் கரியைக் காகிதத்தில் கொட்டி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். குழந்தைகள் குடிக்கிற தண்ணீர் அது. இனி எந்தக் குழாய்க்குள் என்ன இருக்கிறது, அது எதற்கு என்று தெரியாமல் பணம் கொடுப்பதில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கார்ட்ரிட்ஜ் வாங்கப் போகிறவர்கள் கடைக்குப் போகும் முன் தங்கள் வீட்டுத் தண்ணீரைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் இருப்பது தாம்பரம் பக்கம், பன்னிரண்டு வீடுகள் உள்ள அடுக்ககம். வருடத்தில் ஒன்பது மாதம் போர் தண்ணீர், கோடையில் லாரி. டி.டி.எஸ் மீட்டரை வைத்துப் பார்த்தால் போர் தண்ணீர் 1,180 காட்டும், லாரித் தண்ணீர் 600-ஐ ஒட்டி வரும். மயிலாப்பூரில் தங்கை வீட்டு மெட்ரோ வாட்டர் 300 சொச்சம். கோவையில் சிறுவாணி வரும் பகுதியில் இருக்கும் அண்ணன் வீட்டில் இரண்டு இலக்கம்தான். இந்த மூன்று வீட்டுக்கும் ஒரே செட்டை மாட்டினால் எப்படிச் சரியாக இருக்கும்? ஆனால் மூன்று வீட்டிலும் ஒரே மாதிரி ஆர்.ஓ மெஷின்தான் மாட்டியிருந்தார்கள்.

டி.டி.எஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு. குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500. அதன்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். கரைந்த உப்பில் பெரும்பகுதியைக் காய்ச்சியும் போக்க முடியாது. காய்ச்சக் காய்ச்ச ஆவி போய் உப்பு இன்னும் செறிவாகும். மண்ணைத் தடுக்கும் ஸ்பன்னும் வாடையை உறிஞ்சும் கார்பனும் உப்பைப் பிடிக்காது. வீட்டு ஆர்.ஓ மெஷினில் அதைப் பிடிப்பது மெம்பரேன் என்ற மெல்லிய சவ்வு மட்டும்தான். அதனால் 500-க்குக் கீழே இருந்து, வேறு கெடுதலும் இல்லை என்றால் ஆர்.ஓ தேவையே இல்லை. 500-க்குக் கீழ் டி.டி.எஸ் உள்ள இடங்களில் ஆர்.ஓ-வைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019-ல் சொன்னது. அண்ணன் வீட்டில் மெம்பரேனைக் கழற்றச் சொல்லி நான்தான் சண்டை போட்டேன். ஒரு சொம்பு தண்ணீருக்கு மூன்று சொம்பை வாய்க்காலில் விட்டுக்கொண்டிருந்தார்கள், அதுவும் சிறுவாணித் தண்ணீரை!

மீட்டர் 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆனால் அது எண்ணுவது உப்பை மட்டும்தான். கிருமி இருக்கிறதா, பூச்சிமருந்து கலந்திருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீரும் 250 காட்டலாம். அதனால் புது இடத்துக்குக் குடிபோனால் ஒரு தடவையாவது தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் இருக்கின்றன. கட்டணம் கட்டி மாதிரி கொடுக்கலாம். கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளோரைடு, இரும்பு இவற்றைக் கேட்டு வாங்குங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணீர் குடிப்பவர்கள் ஃபுளோரைடு பார்க்காமல் இருக்கவே கூடாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே அதற்காகத்தான் கொண்டு வந்தார்கள். ஃபுளோரைடு நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது. சாதாரண கார்பன் அதைத் தொடாது. ஆர்.ஓ மெம்பரேன், அல்லது அதற்கென்றே உள்ள ஆக்டிவேட்டட் அலுமினா வேண்டும்.

இரும்பை மட்டும் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். போரிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீரை வெள்ளை பிளாஸ்டிக் வாளியில் ராத்திரி வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்தது காலையில் பழுப்பாகி அடியில் துருப்பொடி மாதிரி படிந்திருந்தால் இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். கரைந்த நிலையில் உள்ள இரும்பு ஸ்பன்னைத் தாண்டிப் போய் மெம்பரேன் மேல் படியும். அதற்குச் சமையலறையில் வைத்தியம் கிடையாது, மாடித் தொட்டிக்கு ஏறும் முன்பே பார்க்க வேண்டும்.

இனி ஒவ்வொரு கார்ட்ரிட்ஜாக.

முதலில் இருப்பது மெஷினுக்கு வெளியே சுவரில் மாட்டும் ப்ரீ ஃபில்டர். உள்ளே வெள்ளையாக, பஞ்சு சுற்றியது போல ஒரு உருளை இருக்குமே, அதுதான் ஸ்பன். வேலை மண், துரு, பாசி இவற்றைத் தடுப்பது. பாக்கெட்டில் 20, 10, 5, 1 மைக்ரான் என்று போட்டிருக்கும், எவ்வளவு சின்னத் துகள் வரை தடுக்கும் என்பதற்கான அளவு அது. எண் குறையக் குறைய நல்லது என்று நினைத்து நானும் ஒரு தடவை 1 மைக்ரான் வாங்கிப் போட்டேன். ஒன்பதாவது நாள் மெஷினின் சத்தம் மாறியது, தொட்டி நிறையவே இல்லை. போர் தண்ணீரின் மண் மொத்தமும் அந்த மெல்லிய கண்ணில் அடைத்துக்கொண்டுவிட்டது. வெளியே 10 அல்லது 5, மெஷினுக்குள் இன்னொரு செடிமென்ட் ஃபில்டர் இருந்தால் அது 5 அல்லது 1 என்று படிப்படியாக இறங்க வேண்டும். மழைக்காலத்தில் கலங்கி வருகிற இடமென்றால் வெளியே 20 போடலாம்.

அந்த எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கடையில் கிடைக்கும் ஸ்பன் பெரும்பாலும் 'நாமினல்' வகை. 5 மைக்ரான் என்றால் அந்த அளவுள்ள துகள்களில் பெரும்பகுதியைத் தடுக்கும், எல்லாவற்றையும் அல்ல. 'அப்சல்யூட்' என்று போட்டிருந்தால்தான் அநேகமாக ஒன்றும் தப்பாது, விலையும் கூடும். முதல் கட்டத்துக்கு நாமினல் போதும். ஆனால் 5 மைக்ரான் ஸ்பன் கிருமியைப் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாக்டீரியா பலவும் அதைவிடச் சிறியவை.

ஸ்பன்னின் தரத்தைப் பார்க்க எனக்குத் தெரிந்த எளிய வழி சமையலறைத் தராசு. ஒரே பத்து இன்ச் நீளம், ஒரே 5 மைக்ரான் என்று அச்சிட்ட இரண்டை நிறுத்துப் பார்த்தேன். ஒன்று 70 கிராம், இன்னொன்று 120. லேசானதைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்தது. அது சீக்கிரம் நசுங்கி, நடுக்குழாய் வரை மண் போய்விடும். கனமானதற்கு 40 ரூபாய் கூடக் கொடுத்தேன், மூன்று மாதம் உழைத்தது. மாற்றும் நேரத்தைக் காலண்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஸ்பன்னை வைக்கும் கிண்ணமான ஹவுசிங்கைக் கண்ணாடி மாதிரியானதாக வாங்கினால் நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். எங்கள் வீட்டில் லாரித் தண்ணீர் வரும் மே மாதத்தில் மூன்று வாரத்திலேயே செம்மண் நிறத்துக்கு வந்துவிடும்.

அடுத்தது கார்பன். செட்டிலேயே ஏமாற்றுவதற்கு வசதியானது இதுதான், ஏனென்றால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் கவனம் முழுவதும் இங்கேதான் இருக்க வேண்டும். குளோரின் வாடை, பாசி வாடை, சில ரசாயனங்கள் இவற்றை உறிஞ்சுவது கார்பன். ஆர்.ஓ வீட்டில் இன்னொரு வேலையும் உண்டு: மெம்பரேனைக் காப்பாற்றுவது. குளோரின் பட்டால் மெம்பரேனின் மேல்தோல் அரித்துப் போகும், திரும்ப வராது. லாரித் தண்ணீரிலும் மெட்ரோ வாட்டரிலும் குளோரின் இருக்கும். பாதி காலியான கார்பனைப் போட்டதால்தான் அந்த 5,800 ரூபாய் செட்டில் வந்த மெம்பரேன் மூன்று மாதத்தில் போயிருக்க வேண்டும் என்று இப்போது புரிகிறது.

கார்பனில் இரண்டு வகை. குருணையாக நிரப்பியது ஒன்று, இறுக்கிக் கட்டியாக்கியது இன்னொன்று. அந்தக் கட்டியைக் கடைக்காரர்கள் கார்பன் பிளாக் (block) என்பார்கள். குருணையில் தண்ணீர் தனக்கென்று ஒரு பாதை போட்டுக்கொண்டு ஓடிவிடும், கட்டியில் அப்படி ஓட முடியாது. அதனால் பத்து இன்ச் ஹவுசிங் இருக்கிறவர்கள் கார்பன் பிளாக் வாங்குங்கள். தண்ணீர் கொஞ்சம் மெதுவாக வரும், பரவாயில்லை. மெஷினுக்குள் போகும் மெல்லிய இன்லைன் குழாய் பெரும்பாலும் குருணைதான். அதை வாங்கும்போது காதருகே வைத்துக் குலுக்குங்கள். நன்றாக நிரப்பியதில் 'சரசர' என்று லேசாகக் கேட்கும். பாதி காலியான உப்பு ஜாடி போலக் குலுங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தேங்காய்ச் சிரட்டைக் கரி என்று போட்டிருந்தால் நல்லது, அதன் நுண்துளைகள் குடிநீருக்கு ஏற்றவை. நம் ஊர்க் கொட்டாங்கச்சியிலிருந்துதான் இதைச் செய்து உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். அயோடின் எண் என்று ஒன்று அச்சிட்டிருப்பார்கள், உறிஞ்சும் திறனுக்கான அளவு அது. 900, 1,000 என்று இருந்தால் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கார்பன் தீர்ந்ததை நிறம் காட்டாது. வருடத்துக்கு ஒன்று, லாரித் தண்ணீர் அதிகமென்றால் ஆறு மாதத்துக்கு ஒன்று என்று மாற்றிவிடுவதே பத்திரம்.

மெம்பரேன்தான் செட்டில் விலை கூடியது. அதனால் அடிக்கடி "போயிடுச்சு" என்று சொல்லப்படுவதும் அதுதான். போயிற்றா இல்லையா என்று நீங்களே கணக்குப் போடலாம். உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் மீட்டரில் பாருங்கள். எங்கள் வீட்டில் புது மெம்பரேன் போட்ட அன்று 1,180 உள்ளே, 95 வெளியே. 1,085 பிடிபட்டிருக்கிறது, அதாவது நூற்றுக்கு 92. இரண்டரை வருடம் கழித்து வெளியே 260 வந்தது. நூற்றுக்கு 78 ஆகிவிட்டது. 260 என்பது குடிக்கக்கூடிய எண்தானே என்று தோன்றும். ஆனால் மெம்பரேன் விட்டுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அது அறிகுறி. உப்போடு நைட்ரேட்டும் மற்றதும் சேர்ந்துதான் வரும். 80-க்குக் கீழே இறங்கியதும் மாற்றிவிடுகிறேன். 88, 90 இருக்கும்போது மாற்றச் சொன்னால் நோட்டை எடுத்துக் காட்டுவேன்.

வாங்கும்போது ஜி.பி.டி என்ற எண்ணைப் பாருங்கள். 75 ஜி.பி.டி என்றால் ஒரு நாளைக்கு 75 கேலன், சுமார் 284 லிட்டர். மணிக்கு 12 லிட்டர் கணக்கு. நான்கு பேர் வீட்டுக்கு இதுவே தாராளம். பெரியது போட்டால் நல்லது என்று 100 வாங்கி மாட்டக் கூடாது. மெஷினில் உள்ள பம்பும், கழிவுக் குழாயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் எஃப்.ஆர் என்ற சின்ன உருளையும் பழைய அளவுக்கே பொருத்தப்பட்டவை. மெம்பரேனை மட்டும் மாற்றினால் ஒன்று தண்ணீர் வீணாகும், இல்லை மெம்பரேன் உப்புக்கட்டும். போலி நிறைய உலவுகிறது. சீல் உடையாத உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் ரொம்பக் கடினமா? டவராவில் காய்ச்சினால் அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு படிகிறதா? அப்படியானால் மெம்பரேனுக்கு முன்னால் ஆன்டி ஸ்கேலன்ட் குழாய் ஒன்று வேண்டும். உள்ளே வெள்ளை உருண்டைகள் இருக்கும், அவை மெதுவாகக் கரைந்து சுண்ணாம்பு ஒட்டாமல் தடுக்கும். எங்கள் போருக்கு அது இல்லாமல் முடியாது. மெட்ரோ வாட்டர் வீட்டுக்கு அவசியமில்லை.

மெம்பரேனுக்கு அப்புறம் வருகிறவற்றில்தான் கவர்ச்சி அதிகம்: மினரல், ஆல்கலைன், காப்பர், ஜிங்க் என்று. என் அபிப்பிராயம், அந்தப் பணத்தை கார்பனில் போடுங்கள். நமக்கு வேண்டிய சத்து கீரையிலும் கேழ்வரகிலும் கிடைக்கிறது. ஆர்.ஓ தண்ணீர் சப்பென்று இருப்பது பிடிக்கவில்லை என்றால் மினரல் கார்ட்ரிட்ஜ் ருசிக்காகப் போடலாம், தவறில்லை. டி.டி.எஸ் கன்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும். அது எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை, மெம்பரேன் வழியாகப் போகாத தண்ணீரில் கொஞ்சத்தைக் கலந்து விடுகிறது. அண்ணாச்சி கடைப் பாலில் தண்ணீர் கலப்பது போலத்தான். போர் தண்ணீரில் நைட்ரேட்டோ ஃபுளோரைடோ இருந்தால் அதுவும் திரும்ப உள்ளே வரும். எங்கள் மெஷினில் அந்தத் திருகை முழுக்க மூடி வைத்திருக்கிறேன்.

அண்ணன் வீட்டு மாதிரி நல்ல தண்ணீர் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: 5 மைக்ரான் ஸ்பன், ஒரு கார்பன் பிளாக், அப்புறம் கிருமிக்கு யு.எஃப் அல்லது யு.வி. யு.எஃப் என்பது மெல்லிய குழல்களாலான சல்லடை. கரண்ட் வேண்டாம், கழிவுத் தண்ணீரும் கிடையாது. யு.வி என்பது புற ஊதா ஒளியால் கிருமியை அழிக்கும் விளக்கு. அதற்குக் கரண்ட் வேண்டும், அதோடு தண்ணீர் தெளிவாகவும் இருக்க வேண்டும். கலங்கலுக்குப் பின்னால் கிருமி ஒளிந்துகொள்ளும். விளக்கு எரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள், வெளிச்சம் இருந்தாலும் வருடம் ஆனால் வீரியம் குறைந்திருக்கும்.

புது மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து இன்ச் ஹவுசிங், சாதாரண இன்லைன் குழாய், எல்லோரும் விற்கும் அளவு மெம்பரேன், இவை போகிற மெஷினாகப் பாருங்கள். சில மாடல்களில் அந்த கம்பெனி கார்ட்ரிட்ஜ் மட்டும்தான் பூட்டு மாதிரி உட்காரும். மெஷினை மலிவாகக் கொடுத்துவிட்டு, பிறகு வருடா வருடம் கார்ட்ரிட்ஜில் வாங்கிவிடுவார்கள்.

மாற்றுவதை நானே செய்கிறேன், ஸ்பன்னுக்கு ஆளே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர் வரும் வால்வை மூடி, அழுத்தம் இறங்க ஐந்து நிமிடம் விடவேண்டும். பிறகு ஹவுசிங்கோடு வந்த வளைய ஸ்பேனரைப் போட்டு, கீழே வாளி வைத்துக்கொண்டு திருக வேண்டும். கிண்ணத்தின் உள்பக்கம் விரல் வைத்தால் வழுவழு என்று இருக்கும், அந்தப் பாசியைப் பாத்திர சோப்பும் பிரஷும் போட்டுத் தேய்த்து நன்றாக அலசுங்கள். வாய்ப்பகுதியில் இருக்கும் கறுப்பு ஓ-ரிங்கை எடுத்துத் துடைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். வாஸ்லின் தடவாதீர்கள், ரப்பர் உப்பிவிடும். குடிநீர் சாதனங்களுக்கான சிலிக்கான் கிரீஸ் பயறளவு போதும். ஸ்பன் நேராக நடுவில் உட்கார்ந்த பிறகு கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் திருகு. அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து வையுங்கள். பத்து நிமிடத்தில் ஈரப் பொட்டு விழவில்லை என்றால் சரியாக இருக்கிறது.

புது கார்பனை மட்டும் நேராக மெம்பரேனோடு இணைத்துவிடாதீர்கள். வெளிப்பக்கக் குழாயை வாளிக்குள் விட்டு முதலில் ஓடவிடுங்கள். முதல் ஒரு நிமிடம் மை கரைத்தது போல வரும். அந்தக் கரித்தூள் மெம்பரேனில் போய் அடைத்தால் புதிதாக வாங்கியதெல்லாம் வீண். தெளிந்த பிறகு இணையுங்கள். இன்லைன் குழாயில் அம்புக்குறி இருக்கும், தண்ணீர் போகும் திசையில் மாட்டுங்கள். மெம்பரேனும் மாற்றியிருந்தால் முதல் தொட்டித் தண்ணீரை முழுவதும் கொட்டிவிட்டு இரண்டாவதிலிருந்து குடியுங்கள். கொட்டுவதை நான் தரை துடைக்க வைத்துக்கொள்வேன். கழிவுத் தண்ணீரும் அப்படித்தான், துடைக்க, கழிப்பறைக்கு. எங்கள் வீட்டில் அதன் டி.டி.எஸ் 1,500-ஐத் தாண்டும் என்பதால் செடிக்கு விடுவதில்லை.

மாட்டியதும் கார்ட்ரிட்ஜ் மேலேயே அழியாத மார்க்கரால் தேதி எழுதுங்கள். அடுத்த தடவை வருகிறவர் "எப்ப மாத்தினீங்க?" என்று கேட்கும்போது நீங்கள் யோசிக்க வேண்டியிருக்காது. பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ பத்து நாள் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் வால்வை மூடி, தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போங்கள். தேங்கிய தண்ணீரில், அதுவும் கார்பனுக்குள், கிருமி பெருகும். திரும்பி வந்ததும் பையை இறக்கும் முன் நான் செய்வது, வால்வைத் திறந்து ஒரு தொட்டி பிடித்துக் கொட்டுவதுதான். அது நிறைகிற வரை குடிக்க, வழியில் வாங்கிய தண்ணீரில் ஒரு பாட்டில் மிச்சம் வைத்திருப்பேன்.